பகுதிகளில் இல்லாதது முழுமையில் எப்படி வருகிறது?

ஜப்பானில் ஓர் ஆய்வுக்குழு 230 மீட்டர் சுற்றளவில் ஒரு வட்டப் பாதை போட்டு, அதில் 22 கார்களை ஓடவிட்டது. ஓட்டுநர்களுக்குச் சொன்னது இவ்வளவுதான்: மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில், முன்னால் போகிற காரை இடிக்காமல் சுற்றி வாருங்கள். சிக்னல் இல்லை, குறுக்குச் சாலை இல்லை, பாதை எங்கும் குறுகவும் இல்லை. கொஞ்ச நேரம் எல்லாம் சீராகத்தான் போனது. அப்புறம் யாரோ ஒருவர் லேசாக வேகத்தைக் குறைக்க, பின்னால் வந்தவர் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் குறைக்க, அவருக்கும் பின்னால் வந்தவர் இன்னும் கூடுதலாகக் குறைக்க, சில கார்கள் அடியோடு நின்றே போயின. 2008ல் வெளியான சோதனை இது. யாரும் தவறு செய்யவில்லை. ஆனாலும் நெரிசல் வந்துவிட்டது.

அந்த நெரிசல் சும்மா ஓரிடத்தில் நிற்கவும் இல்லை. மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் அது பின்னோக்கி நகர்ந்தது. கார்கள் எல்லாம் முன்னோக்கிப் போகின்றன, அவற்றால் ஆன நெரிசல் மட்டும் பின்னோக்கிப் போகிறது! இந்த நொடியில் நெரிசலுக்குள் இருக்கும் கார்கள் சற்று நேரத்தில் அதன் முன்பக்கமாக வெளியே வந்துவிடும்; பின்பக்கமாக வேறு கார்கள் உள்ளே மாட்டும். உள்ளே இருப்பவை மாறிக்கொண்டே இருந்தும் நெரிசல் என்னவோ அதே நெரிசல்தான். அதற்கென்று ஒரு வேகம், ஒரு திசை, ஓர் ஆயுள்கூட இருக்கிறது. எந்தக் காரைப் பிரித்துப் பார்த்தாலும் இவற்றில் ஒன்றும் அகப்படாது.

பகுதிகள் எதிலும் தனியாக இல்லாத ஒரு பண்பு, அவை ஒன்றோடொன்று சேர்ந்து இயங்கும்போது முழுமையில் தோன்றுவதைத்தான் தத்துவத்தில் எமர்ஜென்ஸ் என்கிறார்கள். இங்கே அதை மேலெழுதல் என்று அழைப்போம். எறும்புப் புற்று, பறவைக் கூட்டம், சந்தை விலை, மூளை, மனம் என்று இந்தச் சொல் போகாத இடமில்லை. என் மனக்குறையும் அங்கேதான். 'நெரிசல் வருகிற மாதிரிதான் மனமும் வருகிறது' என்று பலரும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு கூற்றுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்றில் எனக்கு மறுப்பே இல்லை. மற்றது மிகப் பெரிய தாவல். இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் இந்தத் துறையில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கூட்டல் கணக்கு போதாத இடம்

முழுமைக்கு இருக்கிற எல்லாப் பண்பும் மேலெழுந்தது ஆகிவிடாது. ஒரு செங்கல் குவியலின் எடை ஒவ்வொரு செங்கலின் எடையையும் கூட்டினால் வந்துவிடும். குவியலைக் கலைத்து வேறு மாதிரி அடுக்கினாலும் எடை மாறாது. இது வெறும் கூட்டல். நெரிசலை அப்படி அடுக்கி மாற்றிப் பாருங்கள்: அதே 22 கார்களைச் சம இடைவெளியில் நிறுத்தினால் நெரிசலே காணாமல் போகும். பகுதிகளை இடம் மாற்றினாலோ உறவை மாற்றினாலோ பண்பு போய்விடுகிறதா? போகிறது என்றால் அங்கே கூட்டலுக்கு மேல் ஏதோ நடக்கிறது.

தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் 1843லேயே இந்த வேறுபாட்டைப் பிடித்துவிட்டார். ஒரு பொருளை இரண்டு விசைகள் இழுத்தால் விளைவு அந்த இரண்டின் கூட்டுத்தொகை. ஆனால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீரானால், அந்தத் தண்ணீரில் இரண்டின் குணமும் கண்ணில் படுவதில்லை என்றார். ஒன்று எரிகிற வாயு, மற்றது எரிய உதவுகிற வாயு, இரண்டும் சேர்ந்தால் தீயை அணைக்கிற திரவம். 1875ல் ஜார்ஜ் ஹென்றி லூயிஸ் இதற்கு எமர்ஜென்ட் என்ற பெயரைச் சூட்டினார்.

எதிர்ப்படும் ஒரு குழப்பத்தையும் இங்கேயே ஒதுக்கிவிடலாம். தலைவர் இல்லாமல் தானாக ஒழுங்கு உருவாவதையே சிலர் மேலெழுதல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எறும்புகள் குட்டையான பாதையைக் கண்டுபிடிப்பது அப்படி ஒரு அழகான உதாரணம்தான்: குட்டைப் பாதையில் போன எறும்பு சீக்கிரம் திரும்புகிறது, அதனால் அங்கே வாசனைத் தடம் சீக்கிரம் கெட்டியாகிறது, அடுத்த எறும்பு அதையே பிடித்துப் போகிறது. இரண்டு பாதைகளின் நீளத்தை எந்த எறும்பும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஆனால் வெப்பநிலையைப் பாருங்கள். ஒரு மூலக்கூறுக்கு வெப்பநிலை என்று ஒன்று கிடையாது. கோடிக்கணக்கானவற்றின் அசைவைச் சேர்த்துப் பேசும்போதுதான் அந்தச் சொல்லுக்கே பொருள் வருகிறது. அங்கே யாரும் எதையும் ஒழுங்குபடுத்திக்கொள்ளவில்லை. தன்னொழுங்கு என்பது மேலெழுதலில் ஒரு வகை, அவ்வளவுதான்.

ஐந்து கட்டங்கள் நடந்து போகின்றன

கணிதவியலாளர் ஜான் கான்வே உருவாக்கி, 1970ல் உலகத்துக்குத் தெரியவந்த கேம் ஆஃப் லைஃப் என்ற ஆட்டத்தை ஒரு தாளில் நீங்களே ஆடிப் பார்க்கலாம். பார்க்கத்தான் வேண்டும்; மேலெழுதலை இவ்வளவு கிட்டத்தில் வைத்துக் காட்டும் பொருள் எனக்குத் தெரிந்து வேறில்லை.

முடிவில்லாத ஒரு கட்டத்தாள். ஒவ்வொரு கட்டமும் உயிரோடு இருக்கும் அல்லது காலியாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் சுற்றிலும் எட்டு அண்டைக் கட்டங்கள். விதிகள் இவைதான்: உயிருள்ள கட்டத்துக்கு இரண்டு அல்லது மூன்று உயிருள்ள அண்டைகள் இருந்தால் அது பிழைக்கும், இல்லாவிட்டால் சாகும். காலிக் கட்டத்துக்குச் சரியாக மூன்று உயிருள்ள அண்டைகள் இருந்தால் அங்கே ஒரு உயிர் பிறக்கும். எல்லாக் கட்டங்களும் ஒரே நேரத்தில் மாறும். இதற்கு மேல் ஒரு விதியும் இல்லை.

இப்போது இந்த ஐந்து கட்டங்களைப் போடுங்கள் (● உயிருள்ளது, ○ காலி):

○ ● ○
○ ○ ●
● ● ●

மேல் வரிசையில் தனியாக இருப்பதற்கு ஒரே ஒரு உயிருள்ள அண்டைதான், ஆகவே அது சாகிறது. கீழ் வரிசையின் இடது ஓரத்துக்கும் ஒரே அண்டை, அதுவும் சாகிறது. நடு வரிசையின் இடது ஓரம் காலி, ஆனால் அதைச் சுற்றி மூன்று உயிர்கள் இருக்கின்றன. அங்கே ஒன்று பிறக்கிறது. கீழ் வரிசையின் நடுக் கட்டத்துக்கு நேர் கீழே, இந்தப் படத்துக்கு வெளியே உள்ள காலிக் கட்டத்துக்கும் மூன்று அண்டைகள். அங்கேயும் ஒரு பிறப்பு. மற்ற மூன்றும் பிழைக்கின்றன. இரண்டு செத்து இரண்டு பிறந்ததில் எண்ணிக்கை ஐந்தாகவே இருக்கிறது, உருவம் மட்டும் இப்படி ஆகிவிட்டது (காலியாகிவிட்ட மேல் வரிசையை விட்டுவிட்டேன்):

● ○ ●
○ ● ●
○ ● ○

இதையே இன்னும் மூன்று முறை செய்யுங்கள். முதலில் போட்ட அதே உருவம் திரும்ப வந்து நிற்கும். ஆனால் பழைய இடத்தில் நிற்காது. ஒரு கட்டம் வலப்புறமும் ஒரு கட்டம் கீழேயும் தள்ளி நிற்கும். விட்டுவிட்டால் இப்படியே தாளின் குறுக்கே சாய்வாகப் போய்க்கொண்டே இருக்கும். இதற்கு கிளைடர் என்று பெயர்.

இப்போது நிதானமாக யோசியுங்கள். எந்தக் கட்டமும் நகரவில்லை. கட்டங்களால் நகர முடியாது. விதியில் நகர்தல் என்ற பேச்சே இல்லை. அப்படியானால் நகர்வது எது? நெரிசலைப் போலவே கிளைடரும், தன்னை ஆக்கும் பொருள்களை வழியிலேயே விட்டுவிட்டுப் புதியவற்றை எடுத்துக்கொண்டு போகிற ஒரு வடிவம். இரண்டு கிளைடர்கள் எந்தக் கோணத்தில் மோதினால் என்ன ஆகும் என்று இந்த ஆட்டத்தின் ரசிகர்கள் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். கட்டங்களின் விதிகளுக்கு மேலே, கிளைடர்களுக்கென்று தனி விதிகள் பிறந்துவிட்டன.

எல்லையில்லாமல் வளரும் ஒரு அமைப்பு இந்த ஆட்டத்தில் சாத்தியமா என்று கண்டுபிடிப்பவருக்கு 50 டாலர் பரிசு என்றார் கான்வே. அதே 1970ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இருந்த பில் காஸ்பரின் குழு பரிசைத் தட்டிச் சென்றது. அவர்கள் கண்டுபிடித்தது ஒரு துப்பாக்கி: 30 தலைமுறைக்கு ஒருமுறை ஒரு கிளைடரைக் கக்கிக்கொண்டே இருக்கும். கிளைடர்களைச் சமிக்ஞைகளாக வைத்து, எந்தக் கணக்கையும் போடக்கூடிய ஒரு கணினியையே இந்தத் தாளுக்குள் கட்டலாம் என்பதும் பிற்பாடு நிறுவப்பட்டது.

அதன் விளைவு ஒன்றுதான் நமக்கு முக்கியம். கணினி கட்ட முடியும் என்றால், ஒரு அமைப்பின் எதிர்காலம் என்ன ஆகும் என்று எல்லா நிலையிலும் முன்கூட்டியே சொல்லும் பொதுவான குறுக்குவழி எதுவும் இருக்க முடியாது. ஆடித்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு அடியும் கண்ணாடி போலத் தெளிவு, எங்கேயும் மர்மம் இல்லை. ஆனாலும் பத்தாயிரம் அடிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதை நடந்து போய்த்தான் தெரிந்துகொள்ள முடியும். இதைத் தத்துவவாதி மார்க் பெடாவ் 1997ல் மென் மேலெழுதல் என்று வரையறுத்தார். மென்மை என்றதும் சாதாரணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வானிலை, பரிணாமம், சந்தை எல்லாம் இந்த வகைதான்.

நெரிசலும் இதே வகை. ஓட்டுநர் எவ்வளவு தாமதமாக பிரேக்கைத் தொடுகிறார், எவ்வளவு மிகையாக மிதிக்கிறார் என்று சொல்லிவிட்டால், கணினியில் 22 கார்களை ஓட்டி அந்தப் பின்னோக்கிய அலையை வரவழைக்கலாம். வரவழைத்த பிறகு, விளக்கப்படாமல் மிச்சம் நிற்பது ஒன்றுமில்லை.

இயற்பியலாளர் பிலிப் ஆண்டர்சன் 1972ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதே இடத்தைத்தான் வேறு பக்கமாகத் தொட்டது. எல்லாவற்றையும் அடிப்படை விதிகளுக்குக் கீழிறக்கிக் காட்ட முடியும் என்பதால், அந்த விதிகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு உலகத்தைத் திரும்பக் கட்டி எழுப்பிவிட முடியும் என்று ஆகிவிடாது என்பது அவர் வாதம். ஒவ்வொரு படிநிலைக்கும் புதிய கருத்துகளும் புதிய ஆய்வும் வேண்டும். வேதியியல் என்பது இயற்பியலின் கிளை அலுவலகம் இல்லை. இதைச் சொன்னவர் திடப்பொருள்களின் இயற்பியலை உள்ளும் புறமும் அறிந்தவர், 1977ல் நோபல் பெற்றவர் என்பதால் தத்துவ உலகத்தைத் தாண்டியும் இந்தப் பேச்சுக்குக் காது கொடுத்தார்கள்.

பிராடின் தேவதூதன்

இனி அந்தப் பெரிய கூற்றுக்கு வருவோம். மென் மேலெழுதலில் நமக்குத் தடையாக இருப்பது கணக்கின் நீளம் மட்டுமே. கணக்கு எவ்வளவு நீண்டாலும் சளைக்காத ஒரு மூளை இருந்தால் அதற்கு ஆச்சரியம் எதுவும் மிஞ்சாது. அப்படிப்பட்ட மூளைக்கும் எட்டாத பண்பு ஏதாவது இருக்கிறதா? அடிப்படை உண்மைகள் அத்தனையும் தெரிந்தும், அவற்றிலிருந்து தருவித்துக்கொள்ளவே முடியாத ஒன்று? இருக்கிறது என்பவர்கள் சொல்வதுதான் வன் மேலெழுதல்.

1925ல் இங்கிலாந்துத் தத்துவவாதி சி. டி. பிராட் ஒரு தேவதூதனைக் கற்பனை செய்தார். அவனுக்குக் கணிதத்தில் எல்லையற்ற திறமை. அணுக்களின் நுண் அமைப்பும் அவனுக்கு அத்துப்படி. அம்மோனியாவின் மூலக்கூறு எப்படி இருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். அது மூக்கின் சவ்வில் பட்டால் நரம்பில் என்ன மாற்றம் நடக்கும் என்றுகூடச் சொல்லிவிடலாம். ஆனால் அம்மோனியாவின் வாசனை எப்படி இருக்கும் என்பதை, யாராவது முகர்ந்து சொல்லாதவரை, அவனால் கணித்திருக்க முடியாது என்றார் பிராட்.

பிராடும் அவர் காலத்துச் சகாக்களும் வாசனையோடு நிற்கவில்லை. ஹைட்ரஜன், ஆக்சிஜன் இரண்டையும் தனித்தனியே எவ்வளவு ஆராய்ந்தாலும் தண்ணீரின் குணங்களைத் தருவித்துக்கொள்ள முடியாது, வேதியியல் சேர்க்கையே வன் மேலெழுதலுக்குச் சான்று என்ற எண்ணமும் அன்று வலுவாக இருந்தது. அந்தப் பந்தயம் சீக்கிரமே தோற்றது. 1927ல் வால்டர் ஹைட்லரும் ஃபிரிட்ஸ் லண்டனும் புதிய குவாண்டம் இயற்பியலை வைத்து இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் ஏன் ஒட்டிக்கொள்கின்றன என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். வேதிப்பிணைப்பு விளக்கத்துக்குள் வந்துவிட்டது. மேலெழுதல் பேசிய அந்தத் தலைமுறையின் செல்வாக்கு அதன்பின் மளமளவென்று சரிந்தது.

இந்தக் கதையை 'பார்த்தீர்களா, இன்று புரியாதது நாளை புரியும். மனமும் அப்படித்தான்' என்று முடிப்பவர்கள் நிறைய. அவசரம் வேண்டாம். பிராட் வைத்த பந்தயம் இரண்டு. வேதிப்பிணைப்புப் பந்தயம் போய்விட்டது. வாசனைப் பந்தயம் இன்னும் மேசை மேல்தான் இருக்கிறது.

மனத்தில் எது நெரிசல், எது வாசனை?

மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். ஒரு நரம்பணு என்ன செய்கிறது என்பது நன்றாகவே தெரியும்: சோடியம், பொட்டாசியம் அயனிகள் சவ்வின் வழியே உள்ளும் புறமும் போய்வர, ஒரு மின்துடிப்பு ஓடுகிறது. ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் கணவாய் மீனின் பருத்த நரம்பிழையில் அளந்து, 1952ல் இதற்குச் சமன்பாடே எழுதிவிட்டார்கள். அந்தச் சமன்பாட்டில் நினைவு என்றோ ஆசை என்றோ ஒரு எழுத்தும் கிடையாது.

எண்ணிக்கை பெருத்தால் தானாக மனம் பொங்கி வந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். அந்த 8,600 கோடியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சிறுமூளையில் இருக்கிறது. சிறுமூளையே இல்லாமல் பிறந்தவர்கள் நடையிலும் பேச்சிலும் தடுமாறினாலும் உணர்வோடு வாழ்ந்திருக்கிறார்கள். ஆக, எத்தனை என்பதைவிட எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்பதே கேள்வி. அதையும் தெரிந்துகொண்டால் போதுமா என்றால், ஒரு குட்டிப் புழுவைக் கேட்கலாம். சி. எலிகன்ஸ் என்ற அந்தப் புழுவின் ஒரு பாலினத்துக்கு மொத்தமே 302 நரம்பணுக்கள். எது எதோடு இணைகிறது என்ற முழு வரைபடம் 1986லேயே வந்துவிட்டது. வரைபடத்தைப் பார்த்து அந்தப் புழு அடுத்து என்ன செய்யும் என்று முழுதாகச் சொல்வது இன்றைக்கும் கைகூடவில்லை.

மனத்தின் சில திறமைகள் மென் மேலெழுதலுக்குள் அழகாக அடங்குகின்றன. நினைவு அதற்கு நல்ல உதாரணம். 1982ல் இயற்பியலாளர் ஜான் ஹாப்ஃபீல்ட், ஆன் அல்லது ஆஃப் என்று இரண்டே நிலை கொண்ட எளிய அலகுகளை ஒன்றோடொன்று இணைத்து ஒரு வலையமைப்பை எழுதிக் காட்டினார். அதில் சில வடிவங்களைப் பதியவைத்துவிட்டு, பிறகு ஒரு வடிவத்தின் சிதைந்த பாதியை மட்டும் கொடுத்தால், அலகுகள் ஒன்றையொன்று திருத்திக்கொண்டே போய் முழு வடிவத்தையும் மீட்டுவிடும். ஒரு பாட்டின் முதல் சொல்லைக் கேட்டதும் மீதி வரி தானாக வருகிறதே, அந்த மாதிரி. நினைவு எந்த அலகிலும் இல்லை. இணைப்புகளின் வலிமையில் பரவிக் கிடக்கிறது. சில அலகுகளை அழித்தாலும் நினைவு உடனே போய்விடுவதில்லை. இந்த வேலைக்கு 2024ல் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நினைவுகூர்தல், அடையாளம் காணல், கற்றல் ஆகியவற்றைப் பொறுத்தவரை 'நெரிசல் மாதிரிதான்' என்ற பேச்சு செல்லும் என்றே நினைக்கிறேன். மூளையின் விவரங்கள் இன்னும் ஏராளம் பாக்கி. ஆனால் எந்த மாதிரி விளக்கத்தைத் தேடுகிறோம் என்பது தெரிகிறது.

இப்போது வலியை எடுத்துக்கொள்ளுங்கள். சுட்ட விரலை வெடுக்கென்று இழுப்பது, கத்துவது, அடுத்த முறை அடுப்பருகே கவனமாக இருப்பது எல்லாம் செயல்கள். இவற்றை நரம்பின் மொழியில் விளக்கலாம். ஆனால் வலி வலிக்கிறதே, அது? தத்துவவாதி டேவிட் சால்மர்ஸ் 1995ல் இதைக் கடினமான சிக்கல் என்று பெயரிட்டுப் பிரித்துவைத்தார். மூளை எதைச் செய்கிறது, எப்படிச் செய்கிறது என்று எல்லாம் சொல்லி முடித்த பிறகும், அதைச் செய்யும்போது உள்ளே ஓர் அனுபவம் ஏன் இருக்கிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது என்றார். வன் மேலெழுதலுக்குத் தெளிவான ஒரே எடுத்துக்காட்டு உணர்வுதான் என்பது அவர் முடிவு.

நெரிசலிலிருந்து மனத்துக்குத் தாவும் வாக்கியம் வழுக்குவது இங்கேதான். நெரிசல் என்பது கார்கள் எப்படி நிற்கின்றன, நகர்கின்றன என்பதே. கார்களின் இடமும் வேகமும் தெரிந்துவிட்டால் நெரிசலும் தெரிந்துவிட்டது. கிளைடரும் அப்படியே. வலியோ நரம்பணுக்களின் இடமும் துடிப்பும்தான் என்று சொல்ல நமக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை. வலி எழுகிற இடம் மூளைதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. மயக்க மருந்து கொடுத்தால் போய்விடுகிறதே. ஆனால் 'உணர்வு மூளையிலிருந்து மேலெழுகிறது' என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துபவர் விளக்கம் எதையும் தரவில்லை. விளக்கம் வேண்டிய இடத்துக்குப் பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறார்.

எல்லோரும் இந்தப் பிரிவை ஏற்பதில்லை. தத்துவவாதி டேனியல் டென்னட், கடினமான சிக்கல் என்று தனியாக ஒன்று இல்லவே இல்லை, செயல்களை ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டே போனால் கடைசியில் மிச்சம் எதுவும் இருக்காது, மிச்சம் இருப்பதாகத் தோன்றுவதும் மூளை செய்யும் வேலைகளில் ஒன்றே என்று கடைசிவரை வாதாடினார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். என்ன, பல் வலிக்கிறபோது அதை நம்புவது கடினம்.

மேலிருந்து கீழே தள்ள முடியுமா?

இன்னொரு கேள்வியும் இதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. மேலெழுந்த ஒன்று, தன்னை ஆக்கிய பகுதிகள் மேலேயே வேலை செய்ய முடியுமா? 'நெரிசலால்தான் கார் நின்றது' என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். ஆனால் அந்தக் கார் நின்றது முன்னால் இருந்த காரின் பிரேக் விளக்கைப் பார்த்துத்தானே? நெரிசல் என்ற ஒன்று தனியாக வந்து பிரேக்கை மிதிக்கவில்லை.

தத்துவவாதி ஜேக்வன் கிம் இந்தக் கேள்வியை மனத்தின் மேல் ஏவியபோது அது கூர்மையாகிவிட்டது. கையைத் தூக்க நினைக்கிறேன், கை மேலே போகிறது. கை போனதற்கு நரம்பும் தசையும் முழுக் காரணமாக இருக்கின்றன. காரணம் ஏற்கெனவே முழுதாக இருக்கும்போது, என் நினைப்புக்குச் செய்ய என்ன வேலை மீதி இருக்கிறது? நினைப்பு நரம்புச் செயலேதான் என்றால் சரி, அது மேலெழுந்த தனிப்பொருள் இல்லை. தனிப்பொருள் என்றால் அது கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் வேண்டும் என்றால் எப்படி?

பிளவுபட்ட மூளை ஆய்வுகளுக்காக 1981ல் நோபல் பெற்ற ரோஜர் ஸ்பெரியிடம் இதற்கு ஒரு படம் இருந்தது. மலைச்சரிவில் உருண்டு போகும் சக்கரத்தில் உள்ள ஒவ்வொரு மூலக்கூறும், தன் அண்டைகள் என்ன செய்தாலும், சக்கரத்தின் உருளலோடு இழுபட்டுப் போகிறது. எந்த மூலக்கூறு எங்கே போக வேண்டும் என்பதை முழுமையின் வடிவம் தீர்மானிக்கிறது. இது கிம்முக்கு முழுப் பதிலாகாது. உருளல் என்பதும் அந்த மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருப்பதுதானே என்று அவர் திருப்பிக் கேட்கலாம். என்றாலும் இரண்டு பேரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்றே எனக்குப் படுகிறது. இந்த ஒரு கார் ஏன் இந்த நொடியில் நின்றது என்றால் முன்காரின் பிரேக் விளக்கு போதும். வட்டத்தின் எந்த இடத்துக்கு எப்போது வந்தாலும், எந்தக் காராக இருந்தாலும், ஏன் நிற்க வேண்டியிருக்கிறது என்று கேட்டால், நெரிசல் என்ற சொல் இல்லாமல் பதில் சொல்லவே வராது.

திடீரென்று தெரிவதெல்லாம் புதிதா?

2022ல் பெரிய மொழி மாதிரிகளை, அதாவது ஏராளமான எழுத்தைப் படித்துப் பழகி நாம் கேட்பதற்குப் பதில் எழுதும் கணினி நிரல்களைப் பற்றி ஒரு பேச்சு பரவியது: சிறிய மாதிரிகளுக்கு அறவே வராத சில திறமைகள், அளவு ஒரு கட்டத்தைத் தாண்டியதும் திடீரென்று மேலெழுகின்றன என்று. அடுத்த ஆண்டே ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் சிலர் ஒரு கேள்வி கேட்டார்கள். விடை முழுவதும் சரியாக இருந்தால் மட்டும் மதிப்பெண், இல்லாவிட்டால் பூஜ்ஜியம் என்று திருத்தினால், படிப்படியான முன்னேற்றமும் திடீர்ப் பாய்ச்சலாகத்தானே தெரியும்? பாதி சரிக்குப் பாதி மதிப்பெண் தரும் அளவுகோலை வைத்துப் பார்த்தபோது, பல பாய்ச்சல்கள் சாதாரண ஏற்றமாக மாறிவிட்டன. அளக்கிற கோலின் குணம் அளக்கப்படும் பொருளின் குணமாகத் தோற்றம் தரலாம். யாராவது மேலெழுதல் என்று சொன்னால், எதை வைத்து அளந்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டு வைப்பது நல்லது.

மயக்கம் எங்கே இருக்கிறது?

உணர்வு என்பது சேர்க்கையில் பிறக்கிறது என்ற எண்ணம் ஐரோப்பாவில் மட்டும் முளைத்ததில்லை. சாத்தனாரின் மணிமேகலையில், சமயக்கணக்கர்களின் வாதத்தைக் கேட்டுக்கொண்டே வரும் மணிமேகலை கடைசியில் பூதவாதியிடம் வருகிறாள். தாதகிப் பூவையும் வெல்லக் கட்டியையும் பிறவற்றையும் கூட்டும்போது கள்ளின் வெறி பிறப்பதுபோல, நிலம், நீர் போன்ற பூதங்கள் கூடும்போது உணர்வு தோன்றும் என்கிறான் அவன். பூவில் வெறி இல்லை, கட்டியில் வெறி இல்லை, சேர்ந்து புளித்தால் வருகிறது. மேலெழுதலுக்கு இதைவிடச் சுருக்கமான அறிமுகம் கிடையாது. வடமொழி நூல்களிலும் பொருள்முதல்வாதிகளான சார்வாகர் பெயரில் இதே உவமை வருகிறது.

இன்று அந்த உவமையின் ஒரு பாதி நமக்கு நன்றாகத் தெரியும். ஈஸ்ட் சர்க்கரையை எத்தனாலாக மாற்றுகிறது. அது முழுக்க முழுக்க மென் மேலெழுதல். ஆனால் வெறி பானைக்குள் இருக்கிறதா? பானைக்குள் இருப்பது எத்தனால். வெறி குடித்தவனுக்குத்தான். ஏற்கெனவே உணர்வுள்ள ஒருவன் குடித்தால்தான் அங்கே வெறி என்று ஒன்று உண்டு. உணர்வை விளக்க வந்த உவமை, உணர்வுள்ள ஒரு குடிகாரனைக் கடன் வாங்கிக்கொண்டுதான் நிற்கிறது. அம்மோனியாவின் வாசனை மூலக்கூறிலேயே இருப்பதுபோல நாம் பேசுவதும் அதே கடன்தான்.

பூதவாதிக்கே இந்தச் சங்கடம் லேசாகத் தட்டுப்பட்டதோ என்னவோ, கள் உவமையோடு அவன் நிறுத்திக்கொள்ளவில்லை. உணர்வுள்ள பூதங்கள் வேறு, உணர்வில்லாத பூதங்கள் வேறு, அவை அவை தத்தம் வழியிலேயே பிறக்கும் என்றும் சேர்த்துச் சொல்கிறான். அடித்தளத்திலேயே கொஞ்சம் உணர்வை வைத்துவிட்டால், இல்லாததிலிருந்து அது எப்படி வந்தது என்ற தொல்லை இல்லை. இன்று சால்மர்ஸ் உட்படச் சிலர் பரிவோடு பரிசீலிக்கும் அனைத்துணர்வுக் கொள்கையும், அணுவுக்கும் ஏதோ ஒரு துளி அனுபவம் உண்டு என்று தொடங்கி, ஏறக்குறைய இந்த வழியில்தான் போகிறது.

இது தப்பிக்கும் வழியாகத் தெரிந்தாலும் அவ்வளவு சுலபமில்லை. உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890ல் இதற்கு ஒரு சோதனை வைத்தார். பன்னிரண்டு சொற்கள் கொண்ட ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு பேரிடம் ஆளுக்கு ஒரு சொல்லைக் கொடுங்கள். அவர்களை வரிசையாக நிறுத்துங்கள், அல்லது நெருக்கி ஒன்றாக அடையுங்கள். ஒவ்வொருவரும் தன் சொல்லை எவ்வளவு வேண்டுமானாலும் ஊன்றி நினைக்கட்டும். முழு வாக்கியத்தின் உணர்வு எங்கேயும் இருக்காது. அணுக்களுக்கு ஆளுக்கொரு துளி உணர்வு கொடுத்தாலும், அந்தத் துளிகள் கூடி ஒரே ஆளின் ஒரே பல்வலியாக எப்படி ஆகின்றன என்பதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். அதுவும் பகுதிகளில் இல்லாத ஒன்று முழுமையில் வருகிற கதைதான்.

சோதனைக்கூடங்களில் இதற்கிடையே வேலை வேறு வழியில் நடக்கிறது. நரம்பியல் ஆய்வாளர் மார்செல்லோ மாசிமினியும் அவருடைய சகாக்களும் மண்டையோட்டுக்கு வெளியிலிருந்து ஒரு காந்தத் துடிப்பால் மூளையைத் தட்டி, எழும் மின் அலைகளைப் பதிவு செய்கிறார்கள். விழித்திருப்பவரின் மூளையில் அந்தத் தட்டு இடத்துக்கு இடம் வெவ்வேறு விதமாகப் பரவி எதிரொலிக்கிறது. கனவில்லாத ஆழ்ந்த தூக்கத்தில் தட்டிய இடத்தோடு அடங்கிவிடுகிறது. அந்த எதிரொலி எவ்வளவு சிக்கலானது என்பதை ஒரே எண்ணாகச் சுருக்கும் அளவீட்டை 2013ல் வெளியிட்டார்கள். கனவு காணும் தூக்கத்தில் அந்த எண் மீண்டும் ஏறுகிறது. பல மயக்க மருந்துகளில் இறங்குகிறது. பேசவும் அசையவும் முடியாமல் படுத்திருக்கும் நோயாளி உள்ளே விழித்திருக்கிறாரா என்று மருத்துவர்கள் ஊகிக்க அது உதவுகிறது. பகுதிகள் எந்த அளவுக்கு ஒன்றோடொன்று பேசிக்கொண்டால் உணர்வு கூட இருக்கிறது என்பதை அந்த எண் காட்டுகிறது. அந்தப் பேச்சு ஏன் உணரப்படுகிறது என்று அதனிடம் கேட்டால் பதில் வராது. அதைத் தயாரித்தவர்களும் அதற்காக அதைத் தயாரிக்கவில்லை.